அருங்காட்சியகத்தின் உள்ளறையிலே

அருங்காட்சியகம் என்றதும் கண்ணாடிப் பெட்டிகளும், அவற்றினுள் விளக்கொளியில் நிற்கும் சிலைகளும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் நாம் காண்பது அங்குள்ளவற்றில் ஒரு சிறு பகுதியே. இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ 80 லட்சம் பொருள்கள் உள்ளன. காட்சிக்கு வைக்கப்பட்டவை சுமார் 80,000. அதாவது நூற்றுக்கு ஒன்று. மற்றவை பூட்டிய உள்ளறைகளில், அடுக்குகளிலும் இழுப்பறைகளிலும் இருக்கின்றன. அவற்றை எண்ணி, எழுதி, காத்து வருபவரே தொகுப்பு மேலாளர். அவருடைய பணி யாது, அதனால் விளையும் நன்மை யாது என்பதை இங்கே காண்போம்.

1. பதிவு செய்தல்

குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்ததும் பங்குக் கோயிலின் பதிவேட்டில் அதன் பெயர், நாள், பெற்றோர், ஞானப்பெற்றோர் ஆகிய விவரங்களை எழுதுகிறார்கள் அல்லவா? அருங்காட்சியகத்திற்கு வரும் ஒவ்வொரு பொருளுக்கும் அவ்வாறே ஒரு பதிவு உண்டு. அது எது, எதனால் ஆனது, எங்கே கிடைத்தது, யார் கொடுத்தார், உயரம் எவ்வளவு, எடை எவ்வளவு, எங்கே கீறல் உள்ளது என்பன எல்லாம் சேர்க்கைப் பதிவேட்டில் ஏறும். பொருளுக்குத் தனி எண் ஒன்றும் கிடைக்கும். ஒரு பொருளுக்குக் கொடுத்த எண்ணை வேறொன்றுக்குக் கொடுப்பதில்லை.

அந்த எண்ணைப் பொருளின்மேல் எழுதுவதிலும் முறை உண்டு. சிலையாயின், கண்ணில் படாத ஓரிடத்தில் நிறமற்ற மெருகெண்ணெய் பூசி, அது காய்ந்தபின் மையால் எண்ணை எழுதி, அதன்மேல் மறுபடியும் பூசுவர். வேண்டும்போது பொருளுக்குச் சேதமின்றி அதை நீக்கிவிடலாம். துணியாயின் எண் எழுதிய பருத்தி நாடாவை இரண்டு மூன்று தையலால் இணைப்பர். காகிதமாயின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் எழுதுவர்.

2. பாதுகாத்தல்

பழம்பொருளுக்கு ஈரம், வெளிச்சம், பூச்சி, மனிதர் கை ஆகிய நான்கும் பகை. மண்ணில் புதைந்திருந்த வெண்கலச் சிலையில் உப்பு ஊறியிருக்கும். அதனோடு ஈரக்காற்றும் சேர்ந்தால் வெளிர்பச்சைப் பொடி பூத்து உலோகத்தை அரிக்கும். இதனை வெண்கல நோய் என்கிறார்கள். பட்டுத் துணியின் நிறம் வெளிச்சத்தால் ஒருமுறை மங்கினால் திரும்ப வராது. ஓலைச்சுவடி காய்ந்தால் ஒடியும். ஆகவே எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவி அதன் நெகிழ்வைக் காப்பர். வெறுங்கையின் வியர்வையும் உலோகத்தைக் கறைப்படுத்தும். கையுறை அணிந்து, இரு கைகளாலும் அடியைத் தாங்கி எடுக்க வேண்டும். எடுப்பதற்கு முன்னரே அதை எங்கே வைப்பது என்று இடம் பார்த்துவிட வேண்டும்.

இத்தகைய பணியில் நம் நாட்டுக்கும் நீண்ட அனுபவம் உண்டு. 1851-ல் தொடங்கிய சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930-லேயே வேதியியல் பாதுகாப்புக்கூடம் அமைந்துவிட்டது.

3. சரிபார்த்தல்

ஒரு பொருளை வேறு அடுக்குக்கு மாற்றினால் அன்றே அதைக் குறித்துவிட வேண்டும். இலட்சக்கணக்கான பொருள்களிடையே இடம் தெரியாத பொருள், இருந்தும் இல்லாததே. நம் பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஆண்டுதோறும் இருப்புப் பதிவேட்டை வைத்துக்கொண்டு குடுவைகளை எண்ணுவதுபோல, அங்கும் பதிவேட்டையும் பொருளையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

இரு நிகழ்ச்சிகள்

எழுதி வைப்பதனால் என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். இரு நிகழ்ச்சிகள் அதற்கு விடை தரும்.

2023 ஆகஸ்டு மாதத்தில், தன் தொகுப்பிலிருந்த சில பொருள்கள் காணாமற் போயும், திருடப்பட்டும், சேதமுற்றும் இருப்பதாக பிரிட்டிஷ் அருங்காட்சியகமே அறிவித்தது. எண்ணிக்கை ஏறத்தாழ 2,000. பெரும்பாலானவை சிறு நகைகளும் மணிக்கற்களும். அவற்றுட் பல முழுமையாகப் பதிவு செய்யப்படாதவை. பதிவில் இல்லாத பொருள் போய்விட்டது என்று அறிவதே அரிது. அது தம்முடையது என்று மெய்ப்பிப்பது அதனினும் அரிது. அதன்பின் ஐந்தாண்டுகளுக்குள் முழுத் தொகுப்பையும் கணினியில் பதிவு செய்யப்போவதாக அந்நிறுவனம் அறிவித்தது.

மற்றொன்று நம் அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தானில் நடந்தது. அங்குள்ள கோயிலிலிருந்து திருடப்பட்ட நடராசர் சிலையை ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008-ல் ஏறத்தாழ 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. சிலை எந்த ஊருக்குரியது என்பதைக் காட்டியது எது? புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் முன்பே கோயில் கோயிலாகச் சென்று எடுத்து, ஒழுங்காக அடுக்கி வைத்திருந்த புகைப்படங்களே. 2014 செப்டம்பரில் சிலை இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. படம் எடுத்தவரும், அதற்கு ஊர்ப் பெயர் எழுதி வைத்தவரும் இத்தகைய ஒரு நாளை எண்ணியிருக்க மாட்டார்கள். தம் அன்றாடக் கடமையைச் செய்தார்கள், அவ்வளவே.

நமது பங்கு

பத்து வெள்ளிக்காசுகளில் ஒன்றைத் தொலைத்துவிட்டு, விளக்கேற்றி வீட்டைப் பெருக்கித் தேடிய பெண்ணை ஆண்டவர் உவமையிலே காட்டினார். பத்து என்று எண்ணி வைத்திருந்ததனால்தான் ஒன்று குறைந்ததை அவள் அறிந்தாள். திருச்சபையின் கலைச்செல்வங்கள் அனைத்தையும் பட்டியலிட்டுப் பதிவு செய்வது அவசரமான கடமை என்று வத்திக்கான் 1999 டிசம்பர் 8-ல் மடல் வழியாக அறிவுறுத்தியதும் இக்கருத்தினாலேயே.

நம் ஊர்க் கோயில்களில் பழைய மரச்சுரூபங்களும், பூசைப் பாத்திரங்களும், சப்பரங்களும் உள்ளன. நம் வீடுகளில் பாட்டியார் வைத்துப்போன செபப்புத்தகமும், திருமணப் படமும் இருக்கும். விடுமுறையில் பெரியோரின் அனுமதி பெற்று, அவற்றின் பெயர், அளவு, அடையாளம், தந்தவர், வந்த ஆண்டு ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுவோம். படமும் எடுப்போம். பிரதி ஒன்றை வேறிடத்தில் வைப்போம். விவரம் சொல்லக்கூடிய முதியோர் நம்மோடு இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும்.

தோழியரே, வரலாறு கற்போருக்கும் வேதியியல் கற்போருக்கும் இத்துறையில் இடம் உண்டு. பரோடா பல்கலைக்கழகத்தில் அருங்காட்சியகவியலுக்கென்றே ஒரு துறை இயங்கி வருகிறது. பொறுமையும், நேர்மையும், திருத்தமான கையெழுத்தும் உடையோர்க்கு இது ஏற்ற பணி. காட்சிக்கூடத்திற்கு வருவோர் இவர்களது பெயரை அறியார். ஆனால் இவர்கள் காத்த பொருளை, நம் பேரப்பிள்ளைகளின் காலத்தவரும் கண்டு மகிழ்வர்.