செல்ஃப் அடிக்குது, வண்டி கிளம்பல!

இன்னைக்குக் கார் மக்கர் பண்ணா மெக்கானிக் முதல்ல ஸ்டியரிங்குக்குக் கீழ ஸ்கேனரைச் சொருகுறார். எரர் கோட் வருது, அந்த பார்ட்டை மாத்துறார், வேலை முடிஞ்சது. 1980கள்ல வந்த சொகுசுக் கார்கள்ல சொருக சாக்கெட்டே கிடையாது. அங்க ஸ்கேனர் நம்ம மண்டைதான். நாலு வருஷமா ஐ.சி. எஞ்ஜின்ஸ் பேப்பர்ல ஓட்டோ சைக்கிள் வரைஞ்சவங்களுக்கு இதைவிட நல்ல லேப் கிடைக்காது.

நம்ம ஜி.எஸ்.டி ரோட்டுக்கே சொந்தமான ஒரு கார் உண்டு, தெரியுமா? வண்டலூர் – பெருங்களத்தூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் 1985ல கொண்டு வந்த ஸ்டாண்டர்ட் 2000. வெளிய பார்த்தா இங்கிலாந்தோட ரோவர் எஸ்.டி.1. பானெட்டைத் திறந்தா பழைய வான்கார்ட் காலத்து 1991 சிசி எஞ்ஜின். கோட்டு சூட்டு போட்டு உள்ள லுங்கி கட்டின மாதிரி. 1988லயே நின்னுபோச்சு. அதோட போட்டியாளர் கான்டெஸா இன்னும் அங்கங்க வீட்டு ஷெட்ல தூங்குது. ரெண்டுமே கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் காலத்து வண்டிங்க. அதனால இந்தப் பாடம் ரெண்டுக்கும் பொருந்தும்.

முதல் கேள்வி: செல்ஃப் எடுக்குதா? எடுக்கலன்னா, இல்ல இழுத்து இழுத்து சுத்துதுன்னா, உடனே பேட்டரி வாங்க ஓடாதீங்க. மல்டிமீட்டர்ல பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் பக்கம் காட்டணும். செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழ போகக் கூடாது. பேட்டரி ஓகேன்னா மீட்டரோட ஒரு முனையை நெகட்டிவ் டெர்மினல்லயும் இன்னொண்ணை எஞ்ஜின் பிளாக்லயும் வெச்சு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் ஸ்ட்ராப் துருப்பிடிச்சிருக்குன்னு அர்த்தம். உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு இறுக்கினா சரியாகிடும். செலவு ஒரு டீ.

செல்ஃப் நல்லா சுத்துது, ஆனா பிடிக்கலன்னா மூணே மூணு விஷயம்தான்: கரண்ட், பெட்ரோல், கம்ப்ரஷன். சரியான நேரத்துல கரண்ட்டுன்னு சேர்த்துச் சொல்லணும், டைமிங்கை மறக்காதீங்க. பிளக்கைக் கழட்டினாலே பாதி தெரிஞ்சிடும். காய்ஞ்சிருந்தா பெட்ரோல் வரல. நனைஞ்சிருந்தா பெட்ரோல் வருது, பெரும்பாலும் கரண்ட்தான் சரியில்ல.

இதெல்லாம் எளிது. ஒரேயடியா செத்த வண்டியை யார் வேணும்னாலும் கண்டுபிடிக்கலாம். கஷ்டம், சூடானா மட்டும் சாகிற வண்டி.

இப்படி வெச்சுக்கோங்க. உங்க பெரியப்பாவோட கார் காலையில திண்டிவனத்துல ஒரே அடியில ஸ்டார்ட் ஆகுது. விக்கிரவாண்டி டோல்கேட் க்யூல மே மாச வெயில்ல பத்து நிமிஷம் ஐடில்ல நிக்குது, அணைஞ்சிடுது. பின்னால லாரிக்காரர் ஹாரன். ஓரமா தள்ளி விட்டு நாப்பது நிமிஷம் கழிச்சு அடிச்சா ஒண்ணுமே நடக்காத மாதிரி கிளம்பி விழுப்புரம் போயிடுது. ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ச் சேரும்போது நல்லா இருக்கு, அதனால யாருக்கும் கோளாறு தெரியல. பிளக் மாத்தியாச்சு, கார்புரேட்டர் கிட் மாத்தியாச்சு, பேட்டரியும் புதுசு. பெரியம்மா கோவத்துல பழைய இரும்புக்காரர்கிட்ட கிலோ ரேட் கேட்டாச்சு. வண்டிக்கு இதுதான் கடைசி வாய்ப்பு.

சந்தேகப்பட ரெண்டு பேர். ஒண்ணு, வேப்பர் லாக். மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப் எஞ்ஜின் பிளாக்கிலயே ஒட்டிக்கிட்டு இருக்கு. பெட்ரோல்ல இருக்கிற லேசான பொருட்கள் 40 டிகிரி வாக்கிலயே ஆவியாக ஆரம்பிச்சிடும். டியூப்ல நீராவி மாதிரி பெட்ரோல் ஆவி அடைச்சா பம்ப் வெறும் காத்தைத்தான் அமுக்கும். ரெண்டாவது, கண்டன்சர். டிஸ்ட்ரிபியூட்டர்ல இருக்கிற சின்ன உருளை. நாலு சிலிண்டர் எஞ்ஜின் 3000 ஆர்.பி.எம்ல ஓடும்போது பாயிண்ட் ஒரு செகண்டுக்கு 100 தடவை திறந்து மூடுது. (ஒரு சுத்துக்கு ரெண்டு ஸ்பார்க், போட்டுப் பாருங்க.) ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் கரண்ட் பாயிண்ட்லயே தீப்பொறியா தாவாம கண்டன்சர் வாங்கிக்குது. அப்போதான் காயிலோட காந்தப்புலம் சட்டுன்னு சரிஞ்சு பிளக்குக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் போகும். சூட்டுல கண்டன்சர் உள்ள இன்சுலேஷன் கசிஞ்சா ஸ்பார்க் மஞ்சளா, சோம்பலா வரும், இல்ல வரவே வராது. ஆறினா திரும்ப நல்ல பிள்ளை. காயிலும் சில சமயம் இதே நாடகம் ஆடும்.

ரெண்டுக்கும் அறிகுறி ஒண்ணுதான். பிரிக்கிற வழி: வண்டி சாகிற அந்த நிமிஷத்துலயே சோதிக்கணும். டிக்கியில ஒரு ஸ்பேர் பிளக் வெச்சுக்கோங்க. அணைஞ்சதும் ஒரு பிளக் ஒயரை அதுல மாட்டி, உடம்பை எஞ்ஜின்ல நல்லா எர்த் ஆகும்படி வெச்சு, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. கையில பிடிக்காதீங்க, பெட்ரோல் கசிவு பக்கத்துல செய்யவே செய்யாதீங்க. நீலமா ‘டிக் டிக்’னு அடிச்சா கரண்ட் குற்றவாளி இல்ல. பம்ப் மேல ஈரத்துணி போட்டுப் பாருங்க, அஞ்சு நிமிஷத்துல கிளம்பினா வேப்பர் லாக். ஸ்பார்க் மஞ்சள்னா கண்டன்சரை மட்டும் மாத்துங்க. காயிலையும் சேர்த்து மாத்தினா எது காரணம்னு கடைசி வரைக்கும் தெரியாது. பாயிண்ட் முகம் கருகி, ஒரு பக்கம் குழி, எதிர்ப்பக்கம் மேடுன்னு இருந்தா கண்டன்சர் மேல சந்தேகம் இன்னும் வலுவாகுது. கேப் 0.4 மில்லிமீட்டர் வாக்குல ஃபீலர் கேஜ்ல செட் பண்ணிட்டு டைமிங்கையும் பார்த்துடுங்க, கேப் மாறினா டைமிங்கும் நகரும்.

வண்டி ஓடுது, ஆனா ஆக்சிலேட்டர் கொடுத்தா திக்குது, கார்புரேட்டர் ‘பட்’னு தும்முதுன்னா வேற கதை. இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்த பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காத்து வேணும், இதுக்குக் கிட்டத்தட்ட 13.5 போதும். பழைய ஜெட் அந்தப் பழைய கணக்குக்குத் துளை போட்டது, அதனால கலவை லீன் ஆகுது. ஒரு சைஸ் பெரிய ஜெட் பல நேரம் சரி பண்ணிடும். அந்தக் காலத்து ரப்பர் ஹோஸ் எத்தனாலைத் தாங்காது, ஊறி வெடிக்கும். இது பிக்கப் பிரச்சனை இல்ல, தீ விபத்துப் பிரச்சனை. கோளாறு இருக்கோ இல்லையோ முதல்ல ஹோஸை மாத்துங்க.

கண்டன்சர் தேடிப் புதுப்பேட்டை போறவங்க கெபாசிட்டன்ஸ் அளக்கிற மல்டிமீட்டர் எடுத்துட்டுப் போங்க. 0.2 மைக்ரோஃபேரட் பக்கத்துல காட்டணும். கடைக்காரர் முறைப்பார். பரவாயில்ல, ரெண்டா வாங்குங்க.