இருட்டும் பின்னேரங்களுக்கு ஒரு கோல்ஃப்: அக்காவின் டிப்ஸ்

42ஆம் கிழமை விடுமுறை முடிந்து, மணிக்கூட்டையும் பின்னுக்குத் திருப்பிவிட்டால் டென்மார்க்கில் பின்னேரம் என்ற ஒன்றே இல்லாமல் போய்விடும். டிசம்பரில் நாலு மணிக்கு முதலே இருட்டு. பிள்ளை பள்ளிக்கூடத்தால் வந்ததும் ஐபாடோடு அறைக்குள், அப்பா ரிவியோடு, அம்மம்மா போனோடு. தங்கச்சிமாரே, அந்த ஐபாடைப் பறிக்காதேங்கோ. அதைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவாங்கோ.

அதற்கு நான் சொல்லுவது ‘வாட் த கோல்ஃப்’ என்ற விளையாட்டு. கோபன்ஹேகனில் இருக்கும் ட்ரைபாண்ட் நிறுவனம் 2019இல் வெளியிட்டது. கோல்ஃப் பிடிக்காத ஆட்களுக்கான கோல்ஃப் என்று அவர்களே சொல்லித்தான் விற்கிறார்கள். விரலால் இழுத்து, திசையும் வேகமும் பார்த்து விட்டால் சரி, வேறு பொத்தானே இல்லை. முதல் ஆட்டத்தில் பந்து ஒழுங்காகப் போய்க் குழியில் விழும். கொஞ்சம் தள்ளிப் போனால், பந்தை அடிக்கிறோம் என்று நினைத்து விரலை எடுக்க, அடிக்க நின்ற மனுசனே பறந்துபோய்ப் புல்லில் உருளுவான். பிறகு ஒரு முழு வீட்டையே கொடிக்கம்பம் வரை தள்ளிக்கொண்டு போகவேண்டி வரும். அம்மம்மாவும் சிரிப்பா, ஆறு வயசுப் பிள்ளையும் சிரிக்கும். விளங்கப்படுத்த ஒரு சொல்லும் தேவையில்லை.

முதல் அடியைக் குழிக்கு அடிக்கவேண்டாம். மெதுவாகத் தட்டிப் பாருங்கோ. எது அசைகிறது, எது வழுக்குகிறது, எது வெடிக்கிறது என்பதைத்தான் அந்த அடி காட்டவேண்டும். பிழைத்தால் உடனே திரும்பத் தொடங்கலாம், தண்டனை ஒன்றும் கிடையாது. முழுப் பலத்தோடு இழுக்கிற பழக்கம் பெரிய ஆட்களுக்குத்தான் கூட. சின்னச் சின்னத் தட்டுகளாகப் போனால் பாதி ஆட்டங்கள் தானாக முடியும்.

ஒவ்வொரு இடத்திலும் முதல் ஆட்டம் லேசு. அதற்குப் பிறகு அதே இடத்தில் இன்னும் கஷ்டமான சவால்கள் வரும்: இத்தனை அடிக்குள் முடி, அல்லது வேறு விதமாக முடி என்று. எல்லாம் முடித்தால் கிரீடம். முதல் நாளே கிரீடத்துக்கு நிற்காதேங்கோ. முதலில் எல்லாரும் சேர்ந்து லேசானதை முடித்துக்கொண்டு முன்னுக்குப் போங்கோ. கிரீடங்களைச் சனிக்கிழமைக்கு வையுங்கோ, மூத்த பிள்ளைக்கு அது நல்ல வேலை.

வீட்டுக்கு ஒரு சட்டமும் வேணும். ஒருவருக்கு ஒரு ஆட்டம், மூன்று தரம் பிழைத்தால் கை மாறவேண்டும். மற்றவர் விடை சொல்லக்கூடாது. தமையன் பின்னால் நின்று “இப்பிடி இழு, அப்பிடி இழு” என்று சொன்னால் சின்னதுக்கு ஆசையே விட்டுப்போகும். அது தானாகக் கண்டுபிடித்துத் துள்ளுவதைப் பார்க்கத்தானே நாங்கள் மேசையைச் சுற்றி இருக்கிறோம்!

காசு விஷயம். ஐபாடில் இது ஆப்பிள் ஆர்கேட் சந்தாவுக்குள் வரும். விளம்பரம் இல்லை, இடையில் காசு கேட்பதும் இல்லை. குடும்பப் பகிர்வு போட்டால் உங்களோடு இன்னும் 5 பேர் ஒரே சந்தாவில் விளையாடலாம். தை பிறந்து வெளிச்சம் வரத் தொடங்கினால் நிறுத்திவிடலாம், அந்தத் திகதியைக் கலண்டரில் இப்பவே குறியுங்கோ. நிண்டெண்டோ ஸ்விட்ச் இருக்கிற வீடு என்றால் ஒரு தரம் வாங்கினால் முடிந்தது. அதில் இரண்டு பேர் போட்டி போட்டு விளையாடவும் வழி இருக்கு.

பதின்வயசுப் பிள்ளைக்கு இது கெதியில் அலுக்கலாம். அந்தப் பிள்ளைக்குப் பழையதைக் காட்டுங்கோ. 1984இல் நிண்டெண்டோ வெளியிட்ட ‘கோல்ஃப்’ விளையாட்டுக்கு நிரல் எழுதியவர் சடோரு இவாடா, 2002இல் அந்த நிறுவனத்துக்கே தலைவரானவர். அந்த விளையாட்டில் ஒரு பட்டையில் கோடு ஓடும். பொத்தானை ஒரு தரம் அமத்தினால் ஓட்டம் தொடங்கும், இரண்டாவது அமத்தல் பலம், மூன்றாவது பந்தில் படும் நேரம். பிறகு வந்த கோல்ஃப் விளையாட்டுகளில் எத்தனையோ இந்த மூன்று அமத்தலில்தான் நடக்கின்றன. மாரியோ வருகிற 1991 ‘என்இஎஸ் ஓபன் டோர்னமென்ட் கோல்ஃப்’ ஸ்விட்ச் ஒன்லைன் சந்தாவில் கிடைக்கும். 1996இல் காசு போட்டு விளையாடும் மெஷினாக வந்த ‘நியோ டர்ஃப் மாஸ்டர்ஸ்’ஸையும் ஸ்விட்சில் தனியாக வாங்கலாம். எனக்கு இரண்டாவதுதான் கூடப் பிடிக்கும். படம் வடிவு, ஆட்டம் விறுவிறுப்பு.

மூன்று அமத்தல் ஆட்டங்களில் பிள்ளைகள் பலத்தைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் மூன்றாவது அமத்தலைப் பழக்குங்கோ. முக்கால் பலத்தில் நேராகப் போன பந்து, முழுப் பலத்தில் மரத்துக்குள் போன பந்தைவிட எப்பவும் முன்னுக்கு நிற்கும். அடிக்க முதல் காற்றின் அம்புக்குறியைப் பாருங்கோ. காற்று வலப்பக்கம் தள்ளினால் குறியைக் கொஞ்சம் இடப்பக்கம் வையுங்கோ. பச்சைத் தளத்துக்கு வந்த பிறகு பலத்தைவிடச் சரிவு முக்கியம். அதைப் பார்க்காமல் அமத்தினால் ஒரு அடியில் முடிகிறது நாலு அடியாகும். முதல் கிழமை பதினெட்டுக் குழியும் விளையாடச் சொல்லவேண்டாம், மூன்று போதும். சோறு வேகும் நேரத்துக்குள் முடிந்துவிடும்.