இரண்டு புத்தகம், ஒரே நோயாளி

எம்.ஆர்.பி. தேர்வோ, எய்ம்ஸ் நடத்தும் நார்செட்டோ, அமெரிக்கா போக என்கிளெக்ஸோ, எதற்குப் படித்தாலும் பிள்ளைகள் செய்கிற ஒரு காரியம் எனக்குப் பிடிப்பதில்லை. மெடிக்கல்-சர்ஜிக்கலை மாதக்கணக்கில் உருப்போட்டுவிட்டு, சைக்கியாட்ரியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுவார்கள். வார்டுக்கு வருகிறவர் அப்படிப் பாடம் பிரித்துக்கொண்டு வந்து படுப்பதில்லை.

1. எலும்பு வார்டிலிருந்து தொடங்குங்கள். பைக்கிலிருந்து விழுந்து தொடையெலும்பு முறிந்து வந்தவர், இரண்டு நாள் சாதுவாகப் படுத்திருப்பார். மூன்றாம் நாள் ராத்திரி சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், டிரிப்பைப் பிடுங்குவார், தன் வீட்டில் இருப்பதாக நினைத்து மாட்டை அவிழ்க்கக் கிளம்புவார். சொந்தக்காரர்கள் காத்து கருப்பு என்பார்கள். புது நர்ஸ் மனநல மருத்துவரைக் கூப்பிட ஓடுவார். உண்மையில் அவருக்குக் குடி நின்றுபோயிருக்கிறது, அவ்வளவுதான். கடைசியாகக் குடித்த ஆறேழு மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும் வரும். வலிப்பு வருவதென்றால் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள். 48லிருந்து 96 மணிக்குள் வருவது டெலிரியம் ட்ரெமன்ஸ். பல்ஸ், பி.பி., காய்ச்சல் மூன்றும் ஏறும். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். மருந்து லோராசிபாம் வகை. குளுக்கோஸ் டிரிப் போடுமுன் தயமின் போக வேண்டும். மிச்சமிருக்கும் தயமினையும் குளுக்கோஸ் செலவழித்துவிட்டால், கண் அசைவு கெட்டு, நடை தள்ளாடி, வெர்னிக்கி நிலை வரும். ஆனால் சர்க்கரை தாழ்ந்து கிடக்கும் ஆளுக்குத் தயமின் வரட்டும் என்று குளுக்கோஸை நிறுத்திவைக்காதீர்கள். இரண்டையும் சேர்த்தே கொடுப்பார்கள். இவ்வளவு பாடும் தவிர்ந்திருக்கும், அட்மிஷன் அன்றே “கடைசியா எப்ப குடிச்சீங்க அண்ணே?” என்று முகம் சுளிக்காமல் கேட்டிருந்தால்.

2. திடீர்க் குழப்பம் என்றால் முதலில் உடம்பைத் தேடுங்கள். சில மணி நேரத்தில் தொடங்கியது, காலையில் தெளிந்து மாலையில் கலங்குவது, நாள் கிழமை தெரியாதது, இல்லாததைக் கண்ணால் காண்பது எல்லாம் டெலிரியத்தின் பக்கம். தெளிவாக இருந்துகொண்டே காதில் குரல் கேட்பது ஸ்கிசோஃப்ரினியாவின் பக்கம். டெலிரியம் என்றால் பார்க்க வேண்டியவை ஆக்சிஜன், சர்க்கரை, சோடியம், சிறுநீர்த் தொற்று. வயதானவர்களுக்குக் கடைசி இரண்டையும் மறக்கவே கூடாது.

3. டிஜாக்சின் பாடத்தை அரளி விதையோடு சேர்த்துப் படியுங்கள். டிஜாக்சின் கொடுக்குமுன் நெஞ்சில் ஸ்டெத் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும், 60க்குக் கீழே இருந்தால் நிறுத்திவைத்து டாக்டருக்குச் சொல்ல வேண்டும் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். மஞ்சள் அரளி விதையை அரைத்துத் தின்றுவிட்டு நம் மாவட்ட மருத்துவமனைகளுக்கு வருகிறவர்களின் உடம்பில் இருப்பதும் அதே வகை விஷம்தான். ஒரு வித்தியாசம் உண்டு. டிஜாக்சின் சாப்பிடுகிறவருக்குப் பொட்டாசியம் குறைந்தால் நச்சு ஏறும் என்று படித்திருப்பீர்கள். விதை தின்றவருக்குப் பொட்டாசியம் கூடும். செல்லின் சோடியம்-பொட்டாசியம் பம்ப்பை விஷம் அடைத்துவிடுவதால் பொட்டாசியம் வெளியே ரத்தத்திலேயே தங்கிவிடுகிறது. காரணம் தெரிந்தால் இரண்டும் முரண்படாது. வந்த அன்று ஆள் எழுந்து உட்கார்ந்து பேசுகிறாரே என்று மானிட்டரைக் கழற்றிவிடாதீர்கள். இதயத்துடிப்பு பிறகும் தடுமாறலாம்.

பூச்சிமருந்து குடித்தவர் வேறு. கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்கி, வாயில் எச்சில் வழிந்து, நெஞ்சு சளியால் நிறைந்து வருவார். நெஞ்சு காயும்வரை அட்ரோபின் போகும். அளவு மீறினால் பாவை விரிந்து, தோல் வறண்டு, உடம்பு சுட, போர்வையை நோண்டிக்கொண்டே உளறுவார். அதைப் பைத்தியம் என்று எழுதாதீர்கள், அட்ரோபின் அளவைச் சொல்லி டாக்டரைக் கூப்பிடுங்கள். அடுத்த நாளிலிருந்து நாலாம் நாள்வரை ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள். தூக்க முடியவில்லை என்றால் மூச்சுத் தசையும் தளரப்போகிறது.

4. வயிறு கழுவி முடிந்ததும் உங்கள் வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். “சாகணும்னு இப்பவும் தோணுதாம்மா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. தேர்வில் “எல்லாம் சரியாயிடும்” என்ற விடையும் “ஏன் இப்படிச் செய்தீர்கள்” என்ற விடையும் தவறு. முதலாவது பேச்சை மூடிவிடுகிறது, இரண்டாவது ஆளைக் கூண்டில் ஏற்றுகிறது. மனச்சோர்வு மாத்திரை தொடங்கி ஒன்றிரண்டு வாரத்தில், மனம் தேறுமுன்பே உடம்பில் தெம்பு வந்துவிடும். அழுதுகொண்டே இருந்தவர் திடீரென்று அமைதியாகி, வளையலைக் கழற்றித் தங்கைக்குக் கொடுத்தால், அன்றுதான் பக்கத்திலேயே இருக்க வேண்டும். போலீஸ் கேஸ் என்று மிரட்டுகிற சிஸ்டர்களை நான் பார்த்திருக்கிறேன். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு.

5. லித்தியத்தை வெயிலோடு சேர்த்து நினைவில் வையுங்கள். 0.6 முதல் 1.2 வரை என்ற எண் எல்லோரும் சொல்வது, 1.5ஐத் தாண்டினால் நச்சு. அது எப்படித் தாண்டும்? சித்திரை வெயிலில் சித்தாள் வேலை, வயிற்றுப்போக்கு, பி.பி.க்கென்று பக்கத்து வீட்டுக்காரர் பேச்சைக் கேட்டு உப்பை அடியோடு விட்டது, மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய டைக்ளோஃபினாக். உடம்பில் சோடியம் குறையும்போது சிறுநீரகம் சோடியத்தோடு லித்தியத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும். கை பெரிதாக நடுங்கி, வாந்தியெடுத்து, தள்ளாடி வந்தால் அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் டாக்டருக்குச் சொல்லுங்கள். ரத்தத்தில் அளவு பார்க்க வேண்டியிருக்கும்.

6. மனநல மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கடும் காய்ச்சல் என்றால் கைகாலை மடக்கிப் பாருங்கள். இரும்புக் குழாய் மாதிரி விறைத்திருந்தால் நியூரோலெப்டிக் மாலிக்னன்ட் சிண்ட்ரோம். துள்ளித் துடித்து வயிறும் போனால் செரட்டோனின் சிண்ட்ரோமின் பக்கம். இரண்டிலும் சந்தேக மருந்தை நிறுத்துவதுதான் முதல் வேலை.

7. கட்டிப்போடுவது பற்றி வரும் கேள்வியில் கட்டுவது கடைசி விடை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் இருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். இன்று சங்கிலியைச் சட்டமே தடுக்கிறது. மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் மின்அதிர்வு சிகிச்சை தருவதையும் அதே சட்டம் தடுக்கிறது. சினிமாவில் பார்த்ததை எல்லாம் மறந்துவிடுங்கள்.

8. என்கிளெக்ஸ் எழுதுகிறவர்களுக்கு: குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150, நேரம் ஐந்து மணி. 85இல் கணினி நின்றால் தேறியிருக்கலாம், தேறாமலும் இருக்கலாம். வெளியே வந்து அழ வேண்டாம். 2023 ஏப்ரலிலிருந்து ஒரே நோயாளியைத் தொடர்ந்து ஆறு கேள்வி கேட்கிறார்கள். மனநலக் கேள்விபோலத் தெரிவதில் சர்க்கரை பார்ப்பதோ ஆக்சிஜன் பார்ப்பதோ ஒரு விடையாக இருந்தால், மற்றதைத் தொடுமுன் அதை இன்னொரு முறை படியுங்கள்.