வாய் கோணியது காற்றாலா?

கேள்வி: ரிவர்ஸ்டன் பக்கம் காற்றும் மூடுபனியும் ஓய்வதில்லை. குளிர்காற்று அடித்துத்தான் தாத்தாவுக்கு வாய் கோணிவிட்டது என்கிறார் அம்மாயி. ஆஸ்பத்திரியிலோ அவரைச் சிரிக்கச் சொன்னார்கள், இரண்டு கையையும் தூக்கச் சொன்னார்கள், ஒரு வசனம் பேசச் சொன்னார்கள். இந்தச் சோதனை எங்கிருந்து வந்தது?
- ரத்தோட்டை வாசகி

பதில்: இங்கிலாந்தின் நியூகாசிலில் இருந்து. 1998இல் அங்குள்ள வைத்தியர்களும் அம்புலன்ஸ் ஊழியர்களும் சேர்ந்து உருவாக்கினார்கள். வீட்டு வாசலில் நிற்கும் அம்புலன்ஸ் ஊழியர் ஒரு நிமிடத்தில் பாரிசவாதத்தைச் சந்தேகிக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். ஆகவே அதை உங்கள் அம்மாயியும் செய்யலாம். பல் தெரியச் சிரிக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் தொங்குகிறதா? இரண்டு கையையும் முன்னால் நீட்டிச் சில விநாடிகள் பிடிக்கச் சொல்லுங்கள். வலுவிழந்த கை தானாக இறங்கிவிடும். பேச்சு குழறுகிறதா, சொல் மாறுகிறதா? மூன்றில் ஒன்று திடீரென வந்திருந்தாலே அவசரம்தான். திடீர்த் தலைசுற்றலும் பார்வை மறைவும் இந்தச் சோதனைக்குத் தப்பிவிடும். அவற்றையும் அலட்சியம் செய்யாதீர்கள்.

காற்றின் மீது பழி விழுவதற்கு ஒரு காரணம் உண்டு. முகநரம்பு மட்டும் செயலிழக்கும் இன்னொரு நோயிலும் வாய் கோணும்; அதைத்தான் காற்று அடித்தது என்பார்கள். ஸ்கொட்லாந்து வைத்தியர் சார்ல்ஸ் பெல் 1821இல் அந்த நரம்பை விவரித்ததால் நோய்க்கு அவர் பெயர். அதில் நெற்றியும் சுருங்காது, கண்ணும் சரியாக மூடாது. பாரிசவாதத்தில் பெரும்பாலும் நெற்றி சுருங்கும். ஆனால் எது என்று தீர்ப்பது வைத்தியரின் வேலை. வீட்டில் உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துப் பார்க்கும் வேலையே வேண்டாம்.

கேள்வி: பாரிசவாதத்துக்கு ஸ்கேன் எடுக்காமல் ஏன் மருந்து தருவதில்லை?

பதில்: வெளியில் ஒரே மாதிரி தெரிவது உள்ளே இரண்டு விதம்: இரத்தக் குழாய் அடைப்பு, இரத்தக் கசிவு. மூளையில் இரத்தம் கசிந்தும் பாரிசவாதம் வரலாம் என்பதை சுவிட்சர்லாந்தின் யோஹான் வெப்ஃபர் 1658இல் எழுதினார். அவருக்குத் தெரிந்தது இறந்தவர்களை அறுத்துப் பார்த்ததால். உயிரோடு இருப்பவரின் மூளையை சிடி ஸ்கேனில் முதன்முதலாகப் பார்த்தது 1971 ஒக்டோபர் 1, லண்டனில். கருவி கொட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டுடையது; 1979இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அடைப்பைக் கரைக்கும் ஊசி பலன் தரும் என்று 1995இல் வெளியான ஆய்வு காட்டியது. கசிவு உள்ளவருக்கு அதே ஊசி ஆபத்து. வீட்டில் டிஸ்பிரின் கொடுக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

அந்த ஊசிக்குப் பொதுவாக நாலரை மணித்தியாலம்தான் அவகாசம். கணக்கு தொடங்குவது நீங்கள் கவனித்த நேரத்தில் அல்ல, நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்தில். இரவு ஒன்பதுக்குச் சரியாகப் பேசிவிட்டுப் படுத்தவர் விடியற்காலை வாய் கோணி எழுந்தால், ஒன்பது மணி என்றே சொல்ல வேண்டும். ரிவர்ஸ்டனில் இருந்து மாத்தளைக்குச் சுமார் 30 கிலோமீற்றர், வளைவுக்கு மேல் வளைவு. மூடுபனி இறங்கிவிட்டால் வாகனம் ஊர்ந்துதான் போகும். ஆகவே விடியட்டும் என்று காத்திருக்காமல் 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை உடனே அழையுங்கள், அது இலவசம். ஸ்கேன் வசதியுள்ள வைத்தியசாலை எது என்று அவர்களிடமே கேளுங்கள். வண்டி வரும்வரை தேநீர்கூட வாயில் ஊற்றாதீர்கள். விழுங்க முடியாதவருக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும்.