ரேங்க் கார்டில் ‘பி’ என்றால் என்ன?

வங்கிக் கடனுக்கு முன்னால் நம்ம குழுவுக்கு கிரேடிங் போடுறாங்களே, கூட்டம், சேமிப்பு, கடன் திருப்பம், கணக்கு நோட்டு என்று தனித்தனியாகத்தானே பார்க்கிறார்கள்? எது குறைவோ அதைச் சரிசெய்கிறோம். பிள்ளைகளுக்கும் அப்படி இருக்கணும்.

2012-13இல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தபோது, செயல்பாடுகளுக்கு 40, பருவத் தேர்வுக்கு 60 என்று மதிப்பெண் பிரித்து, கூட்டி, எழுத்து போட்டார்கள். ரேங்க் பேச்சு குறைந்தது நல்லதுதான். ஆனால் பிள்ளை எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறுதா, கடன் வாங்கிக் கழிக்கத் தெரியலையா (நமக்குத் தெரியாத கடனா!) என்பதை ‘பி’ சொல்லாது.

எழுத்து இருக்கட்டும். அதற்குக் கீழே பாடத்துக்கு ஒரு வரி எழுதித் தரும்படி ஆழ்வார்திருநகரி வட்டாரக் குழுக்கள் நாம், அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுக் கூட்டங்களில் கேட்போம். அதில் பாதிப்பேர் பெண்களாக இருக்கணும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டமே சொல்லுது.