மேல்நீரும் கீழ்நீரும்

மதுரையில் புதுமண்டபத்தை அடுத்து ஏழுகடல் தெரு என்றொரு தெரு உளது. காஞ்சனமாலை நீராடும்பொருட்டு இறைவன் ஏழு கடல்களையும் அங்கொரு வாவியில் வருவித்தான் எனத் திருவிளையாடற் புராணம் கூறும். ஏழு கடல்நீரும் ஓரிடத்தே கூடின என்பது புராணம். ஒரு கடலின் மேல்நீரும் கீழ்நீருமே தம்முள் எளிதிற் கலவா என்பது கடலியலார் கண்டது.

உலையில் வைத்த நீர் அடியிலிருந்து காய்கிறது. காய்ந்த நீர் இலேசாகி மேலெழ, மேலுள்ள நீர் கீழிறங்குகிறது. பானை முழுதும் சுழன்று கலக்கிறது. இதனை வெப்பச்சலனம் என்பர். கடலுக்கோ அடுப்பு மேலே உளது! கதிரவனாற் காய்ந்த மேல்நீர் இலேசாகி மேலேயே மிதக்கிறது. கீழ்நீர் குளிர்ந்து, கனத்து, தன்னிலையிற் கிடக்கிறது.

இதனால் வரும் இடர் சிறிதன்று. இறந்த உயிர்களின் எச்சங்கள் ஆழத்தில் இறங்கி மட்கி உரமாகின்றன. உரம் கீழே இருளில், ஒளி மேலே. இரண்டும் கூடினாலன்றி நீரில் மிதக்கும் நுண்பாசிகள் தழையா. பாசி இன்றேல் மீன் ஏது?

அரபிக்கடலின் வடபகுதியில் மார்கழி, தை மாதங்களில் நிலத்தினின்று வறண்ட குளிர்காற்று வீசும். அது மேல்நீரைக் குளிர்விப்பதோடு, நீரை ஆவியாக்கி உப்பையும் மிகுவிக்கிறது. கனத்துப்போன அந்நீர் கீழிறங்க, ஏறத்தாழ 100 மீட்டர் ஆழம்வரை கடல் கலங்கி, உரம் மேலே வருகிறது. கோவாவில் 1966-இல் நிறுவப்பெற்ற தேசியக் கடலியல் நிறுவனத்தார் கப்பலிற் சென்று அளந்து, 1990-களில் இதனை விளக்கினர்.

குமரிமுனை தொட்டுக் கேரளக் கரையோரம் நிகழ்வது வேறு. கரையை அடுத்த கடலடித் தரை சிறிது தொலைவு மெல்லத் தாழ்ந்து, பின்னர்ச் சரிவு மிகுந்து ஆழத்துள் இறங்கும். இதற்குக் கண்டச் சரிவு என்று பெயர். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மேல்நீர் கரையைவிட்டு விலக, அச்சரிவின்வழியே குளிர்ந்த கீழ்நீர் ஏறி வருகிறது. மத்தி மீன் திரள்திரளாய்ப் பெருகுவது இதனால். எனினும் ஏறிவரும் நீரில் உயிர்வளி குறைவு. அடித்தரையில் வாழும் மீன்கள் அதற்கு ஆற்றாது இடம்பெயர்தலும் உண்டு.

வங்கக்கடல் இவ்வாறன்று. கங்கை, பிரமபுத்திரா முதலிய ஆறுகள் கொட்டும் நன்னீர், அதன் வடபகுதியில் உப்புநீர்மேற் போர்வையெனப் பரந்து கிடக்கிறது. (நம் வையைக்கு இதில் பங்குண்டு என்றற்கில்லை; அதன் நீரைக் கண்மாய்களே பெரும்பாலும் உண்டுவிடுகின்றன.) இலேசான நன்னீர், குளிர்ந்தபோதும் எளிதில் அமிழாது. ஆகவே ஆழத்து உரம் மேலே வருவது அரிது. மேல்நீரின் வெம்மையும் எளிதிற் கெடாமையால் புயல்கள் வலுப்பெறுகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் மதுரைச் சமவெளியை நனைக்கும் மழை அக்கடலினின்றே வருவது.

உலகம் வெம்மையுறுந்தோறும் மேல்நீர் பின்னும் இலேசாகிறது. கலத்தல் பின்னும் அரிதாகிறது. மேற்கு இந்தியப் பெருங்கடலில் அறுபது ஆண்டுகளில் நுண்பாசி நூற்றுக்கு 20 பங்குவரை குறைந்திருத்தல் கூடும் என 2016-இல் ஆய்வாளர் சிலர் கணித்துரைத்தனர்.