பார்டர் சுகரும் வைட்டமின் டி-யும்

வில்லாபுரம், மதுரை

அன்புள்ள மீனாவுக்கு,

நீ அனுப்பிய உன் அம்மாவின் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தேன். எச்பிஏ1சி 6.1. 5.7-இலிருந்து 6.4 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை. ஊர்ப்பேச்சில் ‘பார்டர் சுகர்’. வைட்டமின் டி 14. இருபதுக்குக் கீழே என்றால் குறைவுதான். டி-யை ஏற்றினால் சுகர் இறங்குமா என்று கேட்டிருக்கிறாய்.

இந்த வெயிலில் இருந்துகொண்டு டி குறையுமா என்று என் அக்கா, அதான் உன் அம்மா, சிரிக்கிறாள். வெயில் தெருவில்தானே அடிக்கிறது! டி-யை உண்டாக்கும் கதிர் உச்சிப்பொழுதை ஒட்டித்தான் நன்றாக விழும். அந்த நேரத்தில் நாமெல்லாம் கதவைச் சாத்திக்கொள்கிறோம். கறுத்த தோலுக்கு வெயில் இன்னும் கூடுதலாக வேண்டும். நம் சாப்பாட்டிலும் டி சொற்பம்.

உன் கேள்வி நியாயமானது. இன்சுலினைச் சுரக்கும் கணையச் செல்களில் டி வந்து ஒட்டிக்கொள்ள இடம் இருக்கிறது. அதை நம்பித்தான் அமெரிக்காவில் பார்டரில் இருந்த 2,423 பேரைச் சேர்த்து, பாதிப் பேருக்குத் தினமும் 4,000 யூனிட் டி-யும் மீதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். முடிவு 2019-இல் வந்தது. சுமார் இரண்டரை ஆண்டில் டி சாப்பிட்டவர்களில் 293 பேருக்கும் மற்றவர்களில் 323 பேருக்கும் சர்க்கரை நோய் வந்துவிட்டது. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடியது. பிறகு 2023-இல் இதையும் நார்வே, ஜப்பான் ஆய்வுகளையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, மூன்று ஆண்டில் நூற்றுக்கு மூன்று பேர் தப்புவதாகத் தெரிந்தது. ஒன்றுமில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இதை நம்பிச் சோற்றை அள்ளிப் போட்டுக்கொள்ள முடியாது.

அமெரிக்காவில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு டி ஏற்கெனவே போதுமான அளவு இருந்தது. 12-க்கும் கீழே இருந்த சிலருக்குப் பலன் கூடுதலாகத் தெரிந்தது. அது பின்னால் பிரித்துப் பார்த்த கணக்கு, ஆட்களும் கொஞ்சம்.

இப்போது சென்னைக்கு வா. டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் பார்டரில் இருந்த 531 பேரைப் பார்த்து 2006-இல் எழுதினார்கள். வழக்கமான அறிவுரையோடு விட்டவர்களில் மூன்று ஆண்டுக்குள் நூற்றுக்கு 55 பேருக்கு நோய். நடக்கவும் சாப்பாட்டை மாற்றவும் வைத்தவர்களில் 39. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் ஏறக்குறைய 40. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களிலும் ஏறக்குறைய அவ்வளவுதான்! வேறு வேறு ஆய்வுகளை நேருக்கு நேர் நிறுத்தக் கூடாது. இருந்தாலும் நம்மைப் போல அரிசிச் சோறு தின்கிற ஊரில் எடுத்த கணக்கு என்பதால் எனக்கு இதன் மேல்தான் நம்பிக்கை.

ஆகவே அம்மா டி சாப்பிடட்டும், எலும்புக்காக. டாக்டர் எழுதிய 60,000 யூனிட் பாக்கெட் வாரத்துக்கு ஒன்று. அமெரிக்கக் கணக்கில் அது 15 நாள் அளவு. எந்த வாரத்தோடு நிறுத்துவது என்று அவரிடமே கேட்டுக்கொள். சீட்டு இல்லாமல் மெடிக்கல் ஷாப்பில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறவர்கள் நம் தெருவிலேயே உண்டு. டி கொழுப்பில் தங்கிவிடும். மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, சிறுநீரகக் கல் வரை போகும்.

அக்கா நான் சொன்னால் கேட்கமாட்டாள், தம்பிதானே என்பாள். இரவுச் சோற்றைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டவும், தினம் அரைமணி நேரம் வேகமாக நடக்கவும் நீ போனில் சொல். மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி எடுக்கும்போது டி-யையும் சேர்த்தே பார்க்கலாம். செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் மாமா